மூன்றாம் சேனல் அறிக்கை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. புராஜெக்ட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். கதை என்று சொல்லவில்லை, அறிக்கை என்றுதான் சொன்னார். ஆனால் என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்.

“நீங்கதான் பத்திரிகைக்கெல்லாம் கதை எழுதுறவங்களாச்சே. இதையும் கொஞ்சம் கோர்வையா எழுதிக் குடுங்கம்மா. ரெண்டு பக்கம் போதும்.”

நான் எழுதிச் சம்பளம் வாங்குபவள் அல்ல. இரண்டு பெரிய கட்டடங்கள் பக்கத்துப் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் ஓர் இடத்தில் ரேடியோ டெக்னீஷியன். அறுபத்திரண்டு வாக்கிடாக்கிகள் என் பொறுப்பு. காலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பேன். மாலையில் தூசி தட்டி வாங்கி சார்ஜில் செருகுவேன். யாருடைய செட்டில் எந்தச் சேனல், எவ்வளவு பவர் என்பதைக் கம்ப்யூட்டரில் கேபிள் மாட்டி நான்தான் அமைப்பேன். பழைய கன்டெய்னர் ஒன்றில் ஜன்னல் வெட்டியதுதான் என் அறை. பதினொரு வருடத்தில் என் கதைகள் மூன்று வெளியாகியிருக்கின்றன. மேனேஜர் அவற்றில் ஒன்றையாவது படித்திருந்தால் இந்த வேலையை என்னிடம் கொடுத்திருக்க மாட்டார்.

2

தொடக்கங்கள். அடித்தவற்றையும் அப்படியே வைக்கிறேன்.

‘கடந்த செவ்வாய்க்கிழமை காலை 11.10 மணியளவில், டவர் கிரேன் இயக்குபவர் மேலதிகாரியின் உத்தரவை மீறி—’

(நிறுத்திவிட்டேன். ‘மீறி’ என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால் பிறகு விசாரணை எதற்கு?)

‘தரையிலிருந்து எழுபது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், தன்னந்தனியாக ஒரு பெண்—’

(இது அதைவிட மோசம். ‘ஒரு பெண்’ என்ன ஒரு பெண்? அவள் என் நாத்தனார். என் கணவரின் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். சைட்டில் எல்லாரும் அவளை ‘மேலக்கா’ என்பார்கள், எப்போதும் மேலேயே இருப்பதால். வீட்டில் கடைக்குட்டி என்பதால் ‘பாப்பா’. நாலு டன் சாமானைப் பஞ்சுபோல இறக்கி வைக்கிற முப்பத்தாறு வயதுப் பாப்பா. உறவை மறைத்துவிட்டு நடுநிலையான ஆள் மாதிரி எழுதினால் அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.)

மூன்றாவது தொடக்கம்: ‘குரல் நின்றால் கொக்கி நிற்க வேண்டும்.’

இதை வைத்துக்கொள்கிறேன். காரணம் சொல்கிறேன்.

3

கிரேன் ஓட்டுபவருக்குக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சாமானை இறக்கவேண்டி வரும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கிணறு மாதிரி ஒரு பள்ளம், அதற்கடியில் நிலவறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து பார்த்தால் இருட்டுதான் தெரியும். அப்போது கீழே சிக்னல் கொடுப்பவர் நின்றுகொண்டு ரேடியோவின் பட்டனை விடாமல் அழுத்தி, “இறங்கு… இறங்கு… இறங்கு…” என்று இடைவெளி விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தக் குரல் காதில் விழுகிறவரை கயிறு இறங்கும். குரல் நின்ற கணமே கயிறு நிற்க வேண்டும். ‘நிறுத்து’ என்று யாரும் சொல்லத் தேவையில்லை. பேட்டரி தீர்ந்தாலும், செட் கை நழுவினாலும், அவருக்கு மயக்கமே வந்தாலும் சாமான் நின்றுவிடும். எங்கள் தொழிலில் இதைவிட நல்ல விதி ஒன்றை நான் பார்த்ததில்லை.

எங்கள் சிக்னல்காரருக்குப் பட்டப்பெயர் ‘தொண்டை’. நாள் முழுக்க இப்படிச் சொல்லிச் சொல்லி, வீட்டில் மனைவியிடம் பேசக் குரல் மிச்சமிருக்காதாம். அதனால்தான் குடும்பம் சண்டையில்லாமல் ஓடுகிறது என்பார்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. எங்கள் ரேடியோ அலைகள் மீயுயர் அதிர்வெண் வகை. ஒரு விநாடிக்கு நாற்பத்தைந்து கோடி முறை துடிக்கும். அலையின் நீளம் முக்கால் மீட்டருக்கும் குறைவு, அதனால் ஆன்டெனா ஒரு சாண்கூட வேண்டாம். மலையைத் தாண்டாது, ஊரைத் தாண்டாது. ஆனால் கான்கிரீட் காட்டுக்குள் இதுதான் கெட்டிக்காரி: ஜன்னல் வழியாக நுழையும், படிக்கட்டில் ஏறும், லிஃப்ட் குழியில் இறங்கும். உங்கள் செல்ஃபோன், வீட்டு வைஃபை, மொட்டைமாடிப் பழைய டிவி ஆன்டெனா எல்லாம் இதே குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகள்தான். எங்களுக்குக் கிடைத்த பாகத்தில் பதினாறு சேனல்கள். மூன்றாம் சேனல் கிரேனுக்கும் சிக்னல்காரருக்கும் மட்டும். மற்றவர் யாரும் அதில் பேசக் கூடாது.

 இன்னொன்று. பட்டனை அழுத்திப் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த செட்டில் வேறு எதுவும் கேட்காது. பேசுகிறவருக்குக் காது கிடையாது. ரேடியோவில் இதை இன்ஜினியர்கள் யோசித்து வைத்தார்கள். மேனேஜர்கள் பிறக்கும்போதே இப்படித்தான் வருகிறார்கள்.

(கடைசி வாக்கியத்தை அறிக்கையிலிருந்து நீக்க வேண்டும். நீக்க மாட்டேன்.)

4

செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான்.

குளிரூட்டும் இயந்திரம் ஒன்றை நிலவறைக்கு இறக்க வேண்டும். மூன்று டன்னுக்குக் கொஞ்சம் மேல். பாப்பா மேலே, தொண்டை கீழே, அவர் பக்கத்தில் இரண்டு ஃபிட்டர்கள். கட்டடத்தின் சொந்தக்காரர்கள் அனுப்பிய விருந்தாளிகள் நாலு பேர், புது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிரேன் அடியில் நின்று பார்க்கிறார்கள். மேனேஜர் அவர்களுக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

தொண்டையின் குரல் ஓடுகிறது. இயந்திரம் இறங்குகிறது. திடீரென்று அந்தக் குரல் அறுந்துபோய், அதே சேனலில் மேனேஜரின் குரல் கணீரென்று வருகிறது.

“என்னம்மா ஆமை மாதிரி எறக்குற. கொஞ்சம் வேகமா எறக்கு. எறக்கு, எறக்கு.”

பாப்பா நிறுத்திவிட்டாள். சட்டென்று நிறுத்தியதில் இயந்திரம் ஆடி, பள்ளத்தின் சுவரில் மோதி, ஒரு மூலை நசுங்கியது.

“ஏன் நிறுத்துன? நான்தான் சொல்றேன்ல, எறக்கு.”

அவர் பட்டனை விட்ட பிறகுதான் அவளால் பேச முடிந்தது.

“கீழ இருக்கறவர் சொன்னாதான் சார் எறக்குவேன்.”

“மேனேஜர் பேசறேம்மா.”

“தெரியுது சார். அதனாலதான் நிறுத்தியிருக்கேன்.”

விருந்தாளிகள் நாலு பேரும் கேட்டார்கள். ஒருவர் சிரித்துவிட்டார். என்னைக் கேட்டால், விசாரணை அந்தச் சிரிப்பினால்தான் வந்தது. நசுங்கிய மூலைக்காக யாரும் இவ்வளவு கோபப்படுவதில்லை. மதியமே பாப்பாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ‘உத்தரவை மீறினார், அதனால் சேதம்’ என்று அறிக்கை போனால் அவளுடைய லைசென்ஸ் ரத்தாகிவிடும். பிறகு அவள் எந்த ஊரிலும் எந்தக் கிரேனிலும் ஏற முடியாது. ஒன்பது வருடம் ஏறியவள்.

(வாசகரே, மேனேஜரைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவருக்குத் தொப்பையும் தங்கப்பல்லும் கொடுத்திருந்தேன். உண்மையில் ஒல்லியான ஆள். போன வருடம் ஒரு கம்பி கட்டுபவருக்குக் கை முறிந்தபோது ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் தன் காரிலேயே மடியில் படுக்கவைத்துக் கொண்டுபோனவர். அந்தக் காரின் சீட்டில் கறை இன்னும் இருக்கிறது. இதை எழுதினால் என் கதை பலவீனப்படும் என்று தோன்றியது, ஆகவே எழுதிவிட்டேன்.)

5

இனி நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பகுதி.

அன்று சாயங்காலம் செட்டைத் திருப்பிக் கொடுக்கத் தொண்டை என் கன்டெய்னருக்கு வந்தார். பாப்பா அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், நான் வேலை முடிக்கக் காத்துக்கொண்டு.

“நல்ல வேளைம்மா,” என்றார் அவளிடம். “நான் சொன்ன அடுத்த நொடியே நிறுத்திட்ட. மெஷின் உக்கார்ற கட்டைய நகத்தி வைக்க ஃபிட்டர் அதுக்கு அடியில குனிஞ்சிட்டான். அவன் முதுகுக்கும் மெஷினுக்கும் ஒரு முழம்தான் இருந்துச்சு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு.”

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க என்னண்ணே சொன்னீங்க?”

“நிறுத்து நிறுத்துன்னு கத்துனேனே.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே. உங்க குரலே வரல. அதான் நிறுத்துனேன்.”

தொண்டை மெதுவாகத் தன் செட்டை மேசைமேல் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கத்தியது யாருக்குமே போய்ச் சேரவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

எனக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அவர் ‘கத்துனேனே’ என்று சொன்ன அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

ஒரே சேனலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு குரலும் கலந்து கேட்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்கள் வகை ரேடியோவில் அப்படி இல்லை. பலமான சிக்னல் மெலிந்த சிக்னலை முழுசாக விழுங்கிவிடும். இரைச்சல்கூட இருக்காது. விழுங்கப்பட்டவர் பேசிக்கொண்டிருந்தார் என்பதற்கு அடையாளமே இருக்காது. பலமானவரின் குரல் மட்டும், கழுவித் துடைத்த மாதிரி, தெளிவாகக் கேட்கும்.

தொண்டையின் செட்டை ஒரு வாட்டில் வைத்தது நான். அதன் பேட்டரி பழசு. முழுப் பவரில் வைத்தால் மதியத்துக்கு மேல் தாங்காது. புதுசு கேட்டு இரண்டு முறை எழுதினேன், வரவில்லை, பவரைக் குறைத்துவிட்டேன். மேனேஜரின் செட் ஐந்து வாட். அதில் மூன்றாம் சேனலைப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். “எல்லா சேனலும் போட்டுக் குடுங்கம்மா, நான் என்ன வெளியாளா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே கேபிளை மாட்டினேன். இரண்டு நிமிட வேலை. தேதியும் நேரமும் என் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கின்றன.

கவனியுங்கள், இதில் ரேடியோ எதுவும் பழுதாகவில்லை. எல்லாம் செய்யவேண்டியதைச் செய்தன. குனிந்திருந்த ஃபிட்டரின் முதுகுக்கும் மூன்று டன்னுக்கும் நடுவில் இருந்தது, மேலே ஒருத்தி அதிகாரக் குரலைச் சிக்னல் குரலாக எடுத்துக்கொள்ளாதது மட்டும்தான்.

6

புதன்கிழமை மேனேஜர் கன்டெய்னருக்கே வந்தார். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“செட்டெல்லாம் நல்லா இருந்துச்சுன்னு எழுதுங்க. அது உண்மைதானே?”

“உண்மைதான் சார்.”

“அப்புறம் என்ன? ரேடியோ சரியா இருந்துச்சு, உத்தரவு தெளிவாக் கேட்டுச்சு, ஆபரேட்டர் கேக்கல. உங்க மேல ஒண்ணும் வராது. என் செட்டையும் பழையபடி மாத்தி வச்சிருங்க, அந்தச் சேனல் அதுல எதுக்கு.”

அவருக்கும் தெரிந்திருக்கிறது. செட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் அதை மாற்றவில்லை. இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பெரிய தைரியசாலி என்று நினைக்காதீர்கள், முடிவெடுக்க முடியாமல்தான் பூட்டினேன்.

என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். நுணுக்கமான ஆள். வியாழக்கிழமை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நீ உன்னப் பத்தி எழுதுனா உன் வேலை போகும். எழுதலன்னா பாப்பா வேலை போகும். ரெண்டுல எதுன்னு என்னைக் கேக்காத. ஒருத்தி தங்கச்சி, ஒருத்தி பொண்டாட்டி. நான் கடைக்குப் போறேன்.” போய்விட்டார். திட்டக்கூட மனம் வரவில்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் இந்தக் கதையைத் திருத்தினேன். மேலே நீங்கள் படித்ததில் பாப்பாவைப் பற்றிய வரிகள் அப்போது இன்னும் அழகாக இருந்தன. காற்றில் அசையும் கூண்டு, கலங்காத கண்கள், அந்த மாதிரி சாமான்கள் எல்லாம் இருந்தன. சனிக்கிழமை மத்தியானம் படித்துக்காட்டினேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, கண்ணெல்லாம் கலங்காம இல்ல. பயந்துட்டேன். பயம் வந்தா நிறுத்தணும், அதானே சொல்லிக் குடுத்திருக்காங்க. அதுல பாதி நேரம் பாத்ரூம் போகணும்னு வேற இருந்துச்சு. என்னைச் சாமியாக்காதீங்க.”

சரி, அதையெல்லாம் எடுத்துவிடுகிறேன் என்றேன். பிறகு, அவள் மடிப்பதைப் பார்த்துக்கொண்டே, செட்டுகளின் விஷயத்தைச் சொன்னேன்.

“தொண்டை அண்ணனுக்கு எத்தனை வாட்?”

“ஒண்ணு.”

“அந்தாளுக்கு?”

“அஞ்சு.”

மடித்த சட்டையை மறுபடி உதறி மறுபடி மடித்தாள்.

“நாலு நாளா தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“கதை எழுதிட்டிருந்தேன்.”

“அதுல என்னை நல்லவளாக் காட்டிட்டா சரியாப் போச்சா? ஒரு ஆளு செத்திருப்பான் அண்ணி. நான் கொன்னிருப்பேன். வாழ்நாள் பூரா என் கைன்னு நெனச்சிக்கிட்டு இருந்திருப்பேன்.” குரல் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “என்னைப் பத்தி எழுதறத விட்டுட்டு உங்களைப் பத்தி எழுதுங்க.”

துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நாத்தனார் என்றால் சண்டை போடுவாள் என்று கல்யாணத்தின்போது எல்லாரும் பயமுறுத்தினார்கள். பதினான்கு வருடத்தில் இதுதான் முதல் சண்டை, அதிலும் நியாயம் அவள் பக்கம். எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

7

முடிவுகள். என்னிடம் இரண்டு இருந்தன.

(அ) நான் இரண்டு பக்க அறிக்கையை எழுதிக் கொடுக்கிறேன். மேனேஜரின் செட்டை மாற்றிவிடுகிறேன், கம்ப்யூட்டர் பதிவை அழித்துவிடுகிறேன். பாப்பாவின் லைசென்ஸ் போகிறது. அவள் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்கிறாள். நான் வருடத்துக்கு ஒரு கதை எழுதுகிறேன், அதில் அநியாயத்தைத் தட்டிக்கேட்கும் பெண்கள் நிறைய வருகிறார்கள், வாசகர்கள் கடிதம் போட்டுப் பாராட்டுகி—

(போதும். கை கூசுகிறது.)

(ஆ) மேனேஜர் மனம் மாறி எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறார். விருந்தாளிகள் கைதட்டுகிறார்கள். புது பேட்டரிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்—

(இதை நான் எழுதினால் தொண்டையே படித்துவிட்டுச் சிரிப்பார்.)

ஆகவே முடிவு எழுதுவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். முடியாமல் இல்லை, மாட்டேன். என்னிடம் கேட்டது கோர்வையான இரண்டு பக்கம். கோர்வை என்றால் இளைத்தவள் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் கீழே கையெழுத்துப் போடுவது. அந்தக் கோர்வை எனக்கு வராது. உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும், குடிக்கிறேன். ஆனால் என் பங்குத் தண்ணீரை மட்டும். மேனேஜர் பங்கையும் சேர்த்துக் குடிக்க எனக்கு வயிறு இல்லை.

8

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளை காலை பத்து மணிக்கு விசாரணை. மூன்று பேர் கொண்ட கமிட்டி. அறிக்கை இருக்கவேண்டிய உறையில் இந்தக் காகிதங்களை வைக்கப்போகிறேன். மேலே ‘வாசகரே’ என்று கூப்பிட்டேனே, நீங்கள் மூன்று பேரும்தான் அந்த வாசகர்.

‘கதை விடுகிறாள், நாத்தனாரைக் காப்பாற்றப் பார்க்கிறாள்’ என்பீர்கள். காப்பாற்றத்தான் பார்க்கிறேன். அதனால் நான் சொல்வதை நம்பவேண்டாம், நீங்களே செய்து பாருங்கள். உறையோடு ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். அதில் மூன்று செட்டுகள்: தொண்டையுடையது, மேனேஜருடையது, பாப்பாவின் கூண்டில் இருந்தது. ஒரு திருகுகூட நான் தொடவில்லை. கம்ப்யூட்டர் பதிவின் நகலும் இருக்கிறது.

ஒருவர் தொண்டையின் செட்டோடு நிலவறைக்குப் போங்கள். அங்கே நின்று பட்டனை அழுத்தி, ‘நிறுத்து, ஆள் இருக்கிறான்’ என்று கத்துங்கள். வெட்கப்படாமல், உங்கள் மகனோ தம்பியோ உள்ளே குனிந்திருக்கிற மாதிரி கத்துங்கள். இன்னொருவர் மேனேஜரின் செட்டோடு கிரேன் அடியில் நின்று, ‘எறக்கு’ என்று சொல்லுங்கள். சாதாரணமாகச் சொன்னால் போதும். மூன்றாவது நபர் மூன்றாவது செட்டைக் காதில் வைத்துக்கொண்டு விசாரணை அறையில் உட்கார்ந்திருங்கள், ஏசி போட்டுக்கொள்ளலாம். உங்களுக்கு யார் குரல் கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கீழே போனவர் மேலே வந்ததும், அவர் எத்தனை முறை கத்தினார் என்று கேளுங்கள்.

அறிக்கையோடு சேர்க்கச் சொல்லிக் கம்பெனி கொடுத்த படிவமும் உறையில் இருக்கும், அதில் எட்டுக் கட்டங்கள். ஏழு வரை நிரப்பிவிட்டேன். ஏழாவது, ‘தவறுக்குப் பொறுப்பானவர்’. அதில் என் பெயரை முதலில் எழுதினேன், மேனேஜர் பெயரை அடுத்து எழுதினேன். புது பேட்டரிக்கான கடிதத்தை இரண்டு முறை கிடப்பில் போட்டவர் யார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், மூவரில் ஒருவராகக்கூட இருக்கலாம், ஆகவே மூன்றாவது வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

எட்டாவது கட்டம், ‘ஆபரேட்டர் மீதான முடிவு’. அதில் நான் பேனாவே வைக்கவில்லை. பென்சிலில்கூட எதுவும் குறித்துக் கொடுக்க மாட்டேன். அதை நீங்கள்தான் எழுத வேண்டும், உங்கள் கையெழுத்தில், மூன்று பேரும் தனித்தனியாக.

எழுதிய பிறகு ஆள்விட்டோ தபாலிலோ அனுப்பாதீர்கள். பாப்பா காலையிலேயே வந்து உங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நானும் அதே பெஞ்சின் மறு ஓரத்தில் இருப்பேன், அவள் பேசாவிட்டாலும். நீங்கள் எழுதியது எதுவானாலும், கதவைத் திறந்து வந்து, அவள் முகத்தைப் பார்த்து, நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள்.